புளி போட்டுத் தேய்த்த கண்

அத்தியாயம் 6

துப்பறியும் தசரதனின் விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே ஒரு வரி இருக்கும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். வேலூர் அச்சகத்துக்காரர் இலவசமாகச் சேர்த்துக் கொடுத்த வரி அது. சும்மா வந்த சரக்கு என்பதாலோ என்னவோ, தசரதன் அதை ஒரு நாளும் மதித்ததில்லை.

இன்று காலை நெல்லிவாசல்நாட்டில், அத்திக்கொல்லை என்ற சின்ன மலையூரின் நிறுத்தத்தில், வருமோ வராதோ என்று யாருக்கும் தெரியாத பஸ்ஸுக்காக அவர் உட்கார்ந்திருந்தார். கேஸ் நேற்றே முடிந்துவிட்டது. முடித்து வைத்தவர் அவரேதான். ஊரே கைதட்டியது. அப்புறமும் ஏன் நெஞ்சு குறுகுறுவென்று இருக்கிறது என்றுதான் அவருக்கு விளங்கவில்லை.

"நேத்து ஜெயிச்ச ஆளு மாதிரியே இல்லியே சார். டெபாசிட் போனவரு மாதிரி குந்திக்கினு இருக்கீங்க," என்றாள் நதியா.

நதியா அவருடைய உதவியாளர். ஆரணிக்காரி. ஆபீசில் டைப் அடிக்க வந்தவள், இப்போது தசரதனின் மூளையில் விழுகிற எழுத்துப் பிழைகளையும் சேர்த்தே திருத்துகிறாள். வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய்க்காகவே அவளை வேலையை விட்டு அனுப்ப வேண்டும் என்று தசரதன் மாதம் ஒரு முறை நினைப்பார். அவள் இல்லாவிட்டால் பாதி கேஸ் நின்றுபோகும் என்பதால் நினைப்பதோடு சரி.

நடந்தது இதுதான். அத்திக்கொல்லைக் காளியம்மனுக்கு ஒரு ஜோடித் தங்கக் கண்மலர், திருவிழாவில் சிலையின் கண்மேல் மெழுகு வைத்து ஒட்டுவது. ஊர்த் தலைவர் கோபால்சாமியின் அப்பா காணிக்கையாகச் செய்து போட்டது. கோயிலுக்குச் சரியான பூட்டு இல்லாததால் வருஷத்துக்கு ஒரு வீடு அதற்குக் காவல். தைத் திருவிழா முடிந்ததும் அந்த வருஷத்து வீட்டுக்காரி கண்மலரில் ஒட்டியிருக்கிற மெழுகையும் சந்தனத்தையும் கழுவித் துடைத்து, சிவப்புத் துணியில் சுற்றி, மரப்பெட்டியில் வைத்து அடுத்த வீட்டுக்காரி கையில் கொடுப்பாள். வாங்கிக்கொண்டவள் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட வேண்டும். அடுத்த திருவிழா வரை திறக்கவே கூடாது. ஆத்தாள் கண்ணை மூடித் தூங்குகிறாள் என்பது நம்பிக்கை.

இந்த வருஷக் காவல் செல்லி வீட்டில். புருஷனை இழந்தவள், மகள் கவியாவோடு இருப்பவள். சித்திரையில் கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் கண்மலரின் கொக்கியைச் சரிசெய்யலாம் என்று செங்கத்திலிருந்து ஓர் ஆசாரியை வரவழைத்தார்கள். அவர் உரைகல்லில் ஒரு தேய் தேய்த்தார். பித்தளை என்றார். ஊர் அதிர்ந்துபோனது. கோபால்சாமி வேலூருக்குப் போன் போட்டு தசரதனை வரவழைத்தார்.

தசரதனுக்குத் துப்பு சந்தவாசலிலிருந்து கிடைத்தது. அங்கே மளிகைக் கடை வைத்திருப்பவரின் மகள் சுவேதா, ஒரு கண்காட்சிக்காக மலை வீடுகளில் புழங்குகிற சாமான்களை மேக்ரோ லென்ஸ் போட்டு, மிகமிகக் கிட்டத்தில் படமெடுத்துப் போயிருந்தாள். உப்பு, சீப்பு, சல்லடை, தீக்குச்சி என்று எல்லாமே திரை கொள்ளாத பெரிசில். அவற்றின் நடுவே ஒரு படம். தை மாதக் கடைசியில், செல்லி வீட்டில் எடுத்தது. ஆத்தாளின் கண்மலர், தகதகவென்று மின்னியது.

அதை வைத்துத்தான் நேற்று மாலை ஊர்க் கூட்டத்தில் தசரதன் வெளுத்து வாங்கினார். திறக்கக் கூடாத பெட்டியை செல்லி திறந்திருக்கிறாள், அதற்கு இந்தப் படமே சாட்சி. தையில் தங்கமாக மின்னியது சித்திரையில் மங்கிய பித்தளையாகக் கிடக்கிறது, ஆகவே நடுவில் மாற்றியது அந்த வீடுதான். செல்லி மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "தப்பு பண்ணிட்டேங்க," என்று மட்டும் சொன்னாள். தங்கம் திரும்பி வருகிற வரைக்கும் அந்த வீட்டோடு யாரும் புழங்கக் கூடாது, தண்ணீர்கூட வாங்கக் கூடாது என்று கோபால்சாமி தீர்ப்புச் சொல்லிவிட்டார். இந்தக் காலத்தில் இப்படித் தள்ளி வைப்பது சட்டப்படி குற்றமாச்சே என்று நதியா முணுமுணுத்தாள். கைதட்டல் சத்தத்தில் தசரதன் காதில் அது ஏறவில்லை.

இப்போது மண்ரோட்டில் கவியா குடத்தோடு வந்தாள். ஊர்க் குழாய் நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருந்தது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பள்ளத்து ஓடைப் பக்கம் இறங்கினாள். இறங்குமுன் இவர்களைப் பார்த்து, பஸ் இன்னும் வரவில்லையா என்று மரியாதையாக விசாரித்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூட தசரதனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"வைகாசியில கல்யாணம் சார் அதுக்கு," என்றாள் நதியா, குரலை இறக்கி. பக்கத்து ஊர் வீரன் தன் மகனுக்குப் பேசி முடித்திருந்தாராம். இன்று மத்தியானம் தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுக்க வருகிறாராம். டீக்கடையில் அதுதான் பேச்சாம்.

தசரதன் செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனசை மாற்றுவதற்காக நதியா போனில் சுவேதாவின் படங்களைத் திறந்து விடுகதை போட ஆரம்பித்தாள். முதல் படத்தைப் பார்த்து இமயமலை என்றார். கல் உப்பு. அடுத்ததைச் செம்மண் மேடு என்றார். தீக்குச்சி மருந்து. மூன்றாவதை மூங்கில் காடு என்று அடித்துச் சொன்னார். அது துடைப்பம்.

"ஊருக்குள்ள நொழஞ்சி திருடியப் புடிக்கிறீங்க, வூட்ல இருக்கிற தொடப்பத்தக் கண்டுபுடிக்கத் தெரியல," என்றாள். அடுத்த படத்தைத் தள்ளியவள் விரலை எடுக்காமல் நிறுத்தினாள். கண்மலர். அகல விரித்த தங்கக் கண், நடுவில் வட்டமாகக் கோடு போட்ட விழி, அந்தக் கோட்டுப் பள்ளத்தில் ஏதோ ஒன்று கிடந்தது.

"சார், இந்தப் பள்ளத்துல இன்னா கயிறு?"

பெட்டித் துணியின் நூல் என்றார் தசரதன். நேற்றே பார்த்ததுதான், விட்டுத்தள்ளியதுதான்.

"துணி செவப்பு. அப்ப நூலும் செவப்பால்ல இருக்கணும்? இது காவிக் கலர்ல, முடிச்சு முடிச்சா கீது," என்றவள் படங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனாள். ஒரு பித்தளைச் சொம்பின் கழுத்து வந்தது. காந்தா என்பவளின் வீட்டில் எடுத்தது. கழுத்து வளைவில் அதே காவிக் கயிறு, அதே முடிச்சு, பக்கத்தில் அதே காய்ந்த கறை. கீழே சுவேதா பெயர் கொடுத்திருந்தாள்: புளி நார்.

புளி நாரைக் கயிறளவுக்குக் காட்டுகிற அந்த லென்ஸ்தான் நேற்று அவருக்குப் பெருமையாக இருந்தது. பெரிதாகப் பார்த்தாரே தவிர, அது என்னவென்று பார்க்கவில்லை.

"தங்கத்த யாரு சார் புளி போட்டுத் தேய்ப்பா? தங்கத்துக்குப் பூந்திக்கொட்ட. பித்தளைக்குத்தான் புளி. தேய்ச்ச புதுசுல பித்தளையும் தங்கமாட்டம்தான் மின்னும், நாலு நாள் கழிச்சி மூஞ்சி கறுத்துப்பூடும். சார் வாழ்க்கையில ஒரே ஒரு சொம்ப தேய்ச்சிருந்தா இந்தப் பாவம் வந்திருக்காது."

தசரதன் தன் போனை எடுத்தார். ஆசாரி உரைத்துப் பார்த்த கண்மலரை நேற்று அவரே எடுத்த படம் அதில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கண்ணின் வால்முனையில் முடி கனத்தில் ஒரு கீறல், இதிலும் இருந்தது, அதிலும் இருந்தது. ஒரே கண். தையில் மின்னியதும் இதுதான், சித்திரையில் மங்கியதும் இதுதான். அந்த வீட்டில் யாரும் எதையும் மாற்றவில்லை. நிறத்தைப் பார்த்த மனுஷன் கீறலைப் பார்க்கவில்லை. தனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தபிறகு அவர் எதையுமே பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து பஸ் வந்து நின்றது. இருவரும் ஏறவில்லை.

செல்லி வாசலில் உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். இவர்களைக் கண்டதும் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்பதற்காகத்தான் தசரதன் அந்த மேட்டில் மூச்சு வாங்க ஏறினார். வாசலுக்கு வந்ததும் அதைக் கேட்கவில்லை. ஒரு சின்ன சந்தேகம், கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றார். நதியா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவர் தகுதியானவர்தான்.

பெட்டியை ஏன் திறந்தாள் என்று கேட்டார். செல்லி புளிக் கூடையை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"அந்தப் பொண்ணு எங்க வூட்டு உப்பப் படம் எடுத்துக் காட்டுச்சிங்க. அம்மாடி, உப்புக்குள்ள இவ்ளோ அழகு இருக்குதான்னு ஆயிப்போச்சி. உப்பே இப்டின்னா ஆத்தா கண்ணு எப்டி இருக்கும்னு ஆச வந்துடுச்சி. அந்தப் பொண்ணு கேக்கல, நான்தான் எடுத்துக் காட்டுனேன். தூங்குற ஆத்தாள எழுப்பிட்டேன். அதுக்குத்தான் இப்டி ஆயிடுச்சி."

தசரதனுக்கு அப்போதுதான் உறைத்தது. நேற்று இவள் தப்பு பண்ணிட்டேன் என்றது இதைத்தான். ஆசைப்பட்டு ஒரு பெட்டியைத் திறந்ததை. அதைத் திருட்டு என்று ஊருக்கு மொழிபெயர்த்துச் சொன்னவர் அவர்.

படத்துக்கு முன்னால் கண்மலரைத் தேய்த்தாளா என்று நதியா கேட்டாள். ஐயோ, நான் கைகூடப் படாமல் துணியோடு பிடித்துத்தான் காட்டினேன் என்றாள் செல்லி. அப்படியானால் புளி போட்டவள் இவளுக்கு முந்திய வீட்டுக்காரி. அது சாந்தம்மாள்.

சாந்தம்மாள் வீட்டு வாசலில் அவள் புருஷன் மாதையன் பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். நதியா நேரே அடுக்களைக்குள் போனாள். தசரதன் நிலைப்படியிலேயே நின்றார். தன்னுடைய தங்கக் கம்மலைக் கழற்றி, அழுக்கு ஏறிவிட்டது, எதைப் போட்டுக் கழுவலாம் அக்கா என்று நதியா கேட்டாள். சாந்தம்மாள் யோசிக்காமல் பூந்திக்கொட்டை எடுத்துக் கொடுத்தாள். பித்தளையாக இருந்தால் என்று இவள் இழுத்தாள். புளிதான், வேறென்ன என்று அவள் சிரித்தாள். நதியா போனைத் திருப்பிப் படத்தைக் காட்டினாள். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள் சாந்தம்மாள். ஒளிக்கத் தெரியாத முகம் அது. திருவிழா முடிந்து மெழுகை எடுக்க வெந்நீரில் போட்டபோது, விழியைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு இருந்ததாம். தங்கத்தில் களிம்பு ஏறாது என்று தெரியாத பெண் மலையிலும் இல்லை, அடிவாரத்திலும் இல்லை. விடியுமுன் புளி போட்டுத் தேய்த்து மின்ன வைத்து, செல்லி கையில் கொடுத்துவிட்டாளாம்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று தசரதன் கேட்டார்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு வாசல் பக்கம் கண்ணைக் காட்டினாள். "இவருதான் எடுத்துட்டாருன்னு நெனச்சன். காவல் எங்க வூட்ல இருந்த வருசந்தான் வண்டி வாங்கினாரு."

தாழ்த்திய குரல் தாழ்ந்தபாடில்லை. வாசலில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. மாதையன் ஈரக் கையோடு உள்ளே வந்து நின்றார்.

"அதான் தையிலேர்ந்து வண்டியில ஏறலியா நீ?" என்றார். "சந்தைக்கு நடந்தே வர்றேன், நடந்தே வர்றேன்னு. பயப்படறன்னு நெனச்சினு இருந்தன். அது எங்க மாமன் குடுத்த கெடாரி மாட்ட வித்து வாங்குன வண்டி. நீதான கயித்தப் புடிச்சிக் குடுத்த."

சாந்தம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மூன்று மாசமாகக் கூடவே படுத்து, கூடவே சாப்பிட்டு, திருடன் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்த மனுஷனின் முகத்தை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மாதையனும் கோபப்படவில்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கை ஈரம் காயும் வரை அப்படியே இருந்தார்.

அடுத்த கேள்வியை நதியாதான் கேட்டாள். இவளுக்கு முந்தி யார்? காந்தா. அந்தச் சொம்புக்காரி.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. காந்தாவும் களிம்பைப் பார்த்திருந்தாள். அவள் சந்தேகப்பட்டது கொழுந்தனை. அதற்கு முந்திய வீட்டுக்காரி தன் மூத்த மகனைச் சந்தேகப்பட்டாள். அவளுக்கும் முந்தியவள், ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத தன் புருஷனை. யாரும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. வாயைத் திறந்தால் முதலில் தன் வீடுதானே மாட்டும்? ஒவ்வொருத்தியும் விடியுமுன் எழுந்து, புளியைக் கரைத்து, தன் வீட்டு ஆம்பளையின் பாவத்தைத் தேய்த்துக் கழுவுவதாக நினைத்து அந்தப் பித்தளையைத் தங்கமாக்கி அடுத்தவள் கையில் கொடுத்திருக்கிறாள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அத்திக்கொல்லையில் சந்தேகமும் வேறு வேறாகவே இருந்திருக்கிறது.

"ஊர்ல இருக்கிற அத்தன ஆம்பளையும் அவங்கவங்க வூட்ல திருடன் சார்," என்றாள் நதியா. "நீங்க வெளியூரா இருந்ததால தப்பிச்சீங்க."

தசரதனுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை பெண்களும் நேற்று அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். செல்லி குனிந்து நின்றபோது அத்தனை பேருக்கும் அவள் எடுக்கவில்லை என்று தெரிந்திருந்தது. யாரும் பேசவில்லை. அவர்களுக்காவது காப்பாற்ற ஒரு வீடு இருந்தது. தனக்கு என்ன இருந்தது, கைதட்டலைத் தவிர என்று நினைத்தபோது அவருக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது.

வரிசை கோபால்சாமியின் வீட்டில் போய் முடிந்தது. கண்மலர் முதன்முதலில் காவலுக்கு வந்த வீடு அதுதான். தசரதனுக்குப் பின்னால் பெண்கள் கூட்டமாக வருவதைக் கண்டதும், தங்கம் கிடைத்துவிட்டது என்று கோபால்சாமி எழுந்து வந்தார்.

"கண்மலர் திருடு போகலீங்க," என்றார் தசரதன். "நேத்து நான் சொன்னது தப்பு. முழுக்கத் தப்பு."

அப்படியானால் தங்கம் எங்கே என்று கோபால்சாமி கேட்டார். தங்கம் வரவே இல்லை, இந்த வீட்டைத் தாண்டிய முதல் வருஷமே களிம்பு இருந்திருக்கிறது, ஆதியிலிருந்தே பித்தளைதான் என்றதும் அவர் முகம் கறுத்துப்போனது. தன் அப்பா ஊருக்கு முன்னால் தட்டில் வைத்து எடுத்து வந்த காணிக்கை அது. கோயிலில் முதல் மரியாதை இந்த வீட்டுக்கு வருவதே அதனால்தான். செத்துப்போன மனுஷன்மேல் பழிபோட எத்தனை பேர் சேர்ந்து வந்திருக்கிறீர்கள் என்று அவர் சத்தம் போட்டார். மனுஷன் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே தங்கம் என்று நம்பித்தான் பேசினார். தசரதனுக்குத் தன் நேற்றைய குரலே கேட்டது போல இருந்தது.

"ஏங்க, அவர ஏன் திட்டுறீங்க?" என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

கோபால்சாமியின் மனைவி ரத்தினம்மாள். அவளும் தன் புருஷனைத்தான் சந்தேகப்பட்டிருப்பாள் என்று தசரதன் எண்ணினார். அப்படி இல்லை. ரத்தினம்மாள் யாரையும் சந்தேகப்படவில்லை. அவளுக்குத் தெரியும். முதல் வருஷம் மெழுகை எடுத்தபோதே முலாம் கழன்று கையோடு வந்திருக்கிறது. பதறிப்போய் மாமனாரிடம் ஓடியிருக்கிறாள். தங்கம் போடுவதாக ஊரில் வாய்விட்டுவிட்டேன், கைக்கு எட்டவில்லை, அடுத்த மகசூலில் மாற்றிவிடுகிறேன், என் மகனிடம் சொல்லாதே என்று அந்தப் பெரிய மனுஷன் மருமகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருக்கிறார். அடுத்த மகசூலுக்கு அவர் இல்லை. அவள் புளியைக் கரைத்தாள்.

"நேத்து செல்லிய நிக்க வெச்சிப் பேசினப்ப தொண்ட வரைக்கும் வந்துச்சிங்க," என்றாள். "முழுங்கிட்டேன்."

கோபால்சாமியின் குரலில் இப்போது சத்தம் இல்லை. "எங்கப்பன் பேரக் கோயில் கல்லுல வெட்டியிருக்குது. அத இன்னா பண்ணச் சொல்ற?"

"செல்லி பேர நேத்து ஊரு வாயில வெட்டிட்டீங்களே. அத இன்னா பண்ணலாம்?" என்றாள் ரத்தினம்மாள்.

வீரன் வந்துவிட்டார் என்று வெளியே யாரோ சொன்னார்கள். ரத்தினம்மாள் புருஷனின் உத்தரவுக்குக் காத்திருக்காமல் படியிறங்கினாள்.

செல்லியின் வாசலில் வீரன் தாம்பூலத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே நுழையவில்லை. கவியா கதவுக்குப் பின்னால் இருந்தாள் என்பது அவள் கால் விரல்கள் தெரிந்ததால் தெரிந்தது. தசரதன் எல்லோருக்கும் முந்திப் போய் வீரனின் எதிரில் நின்றார். நேற்று நான் சொன்னது தவறு, இந்த வீட்டுக்காரர்கள்மீது ஒரு குற்றமும் இல்லை என்று ஒரே மூச்சில் சொன்னார். வேலூர் கோர்ட்டில்கூட அவர் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

வீரன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நேத்து எடுத்தாங்கன்னு சொன்னதும் நீங்கதான். இன்னிக்கி எடுக்கலன்னு சொல்றதும் நீங்கதான். நான் எந்த வாய நம்பட்டும் சார்?"

தசரதன் போனை எடுத்தார். படம், கீறல், நார், எல்லாம் கையில் இருந்தது. நேற்றும் எல்லாம் கையில்தான் இருந்தது.

ரத்தினம்மாள் அவரை மெல்ல ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். தன் வீட்டில் நடந்ததை, மாமனார் கையைப் பிடித்ததிலிருந்து, மறைக்காமல் சொன்னாள். அவளுக்குப் பின்னால் காந்தா சொன்னாள். சாந்தம்மாள் சொன்னபோது மாதையன் பக்கத்திலேயே நின்றார். அங்கே நின்ற ஆம்பளைகள் சிலர் தத்தம் பெண்டாட்டிமாரைத் திரும்பிப் பார்த்தார்கள், என்ன கேட்பது என்று தெரியாமல் மறுபடி வேறுபக்கம் பார்த்தார்கள். கடைசியில் ரத்தினம்மாள் செல்லியின் படியில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டாள். தண்ணீர்கூட வாங்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்ன மனுஷன் தெருமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். செல்லி சொம்பை நீட்டினாள். ரத்தினம்மாள் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள்.

வீரன் தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். கதவுப் பக்கம் பார்த்து, "இது எங்க வூட்டுலயே இருக்கட்டும்மா. வைகாசியில பாத்துக்கலாம்," என்றார். கதவுக்குப் பின்னாலிருந்து கவியா அழுகிற சத்தம் கேட்டது. அவ்வளவு நேரமும் அவள் அழவில்லை.

கூட்டம் கலைந்தது. கலைந்த பிறகும் தசரதன் போகவில்லை. காலையில் சொல்லாமல் விழுங்கியதை இப்போதாவது சொல்லியாக வேண்டும். செல்லியின் முன்னால் போய் இரண்டு கையையும் கூப்பினார். சாட்சிகளை அடுக்கிப் பழகிய வாய்க்கு, என்னை மன்னிச்சிடும்மா என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

செல்லி பதறிப்போய் அவர் கையை இறக்கச் சொன்னாள். அவளுக்குக் கோபமே இல்லை. அது இருந்திருந்தால் அவர் எப்படியாவது தாங்கியிருப்பார்.

"அவங்களுக்கெல்லாம் சந்தேகப்பட வூட்ல ஆளு இருந்துச்சி சார். எனக்கு யாரு இருக்கா?" என்றாள். "நீங்க படத்தக் காட்டி அவ்ளோ தெளிவா சொன்னீங்க. கேக்கக் கேக்க, நானேதான் தங்கத்த எடுத்து எங்கியோ வெச்சிட்டு மறந்துட்டனோன்னு எனக்கே ஆயிடுச்சி. ராத்திரி பூரா கவியாவும் நானும் பரண்மேல ஏறித் தேடினு இருந்தோம்."